இரண்டு வாட்டுகளிலும் ஒரே கிருமி

புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டில் ஆறு மருந்து வில்லைகள் வைத்திருந்தோம். மருந்து வேலைசெய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிந்த வட்டம் ஒன்று தெரியும். ஒன்றைச் சுற்றியும் வட்டமில்லை. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்த டொக்டரம்மா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யாருடைய புண் என்று கேட்டார். என் மச்சாளுடையது என்றேன்.

மச்சாள் வடக்கில் டீச்சராக இருந்தவள். ஷெல் துண்டு காலைக் கிழித்திருந்தது. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, நான் வேலைசெய்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். வந்தபோது ஆறிக்கொண்டிருந்த புண், அங்கே சத்திரசிகிச்சை செய்த பிறகுதான் நாறத் தொடங்கியது. காயப்பட்ட ஆமிக்காரர்களின் வாட்டிலிருந்து வந்த சீழிலும் அதே கிருமி. இரண்டு வாட்டுக்கும் சத்திரசிகிச்சைக் கூடம் ஒன்றுதான்.

அந்தக் கூடத்தைச் சில நாள் மூடிக் கழுவ வேண்டும், நோயாளிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்று டொக்டரம்மா மேலிடத்துக்கு எழுதினார். பதிலாக ஓர் அதிகாரி வந்தார். ஆமிக்காரரின் காயம் ஆறவில்லை என்ற செய்தி வெளியே போனால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்றார். என் அடையாள அட்டையை வாங்கித் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, இவர்களிடமா நம் பெடியன்களின் இரத்தத்தைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

டொக்டரம்மா குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் சொன்னார்: "உங்கள் பெடியன்களைக் காப்பாற்றத்தான் எழுதினேன்."

அதிகாரி சோதனை முடிவுகளை எழுதிய பதிவேட்டைக் கேட்டார். டொக்டரம்மா அசையவில்லை. அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் டொக்டரம்மா தானே இரண்டு வாட்டுகளுக்கும் போய், கை கழுவாமல் கட்டுகளைத் தொடவேண்டாம் என்று தாதிமாரிடம் கட்டில் கட்டிலாகச் சொன்னார். அந்தக் கிழமை முடிவதற்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூடத்தை மூடவில்லை. மச்சாளின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். ஆமி வாட்டில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் செத்தான். போர்க்காயத்தால் இறந்தான் என்று எழுதினார்கள். சந்திக்குச் சந்தி எங்களை மறித்துப் பையைக் கொட்டிப் பார்த்தவர்கள், அவனைக் கொன்றதை மட்டும் தேடவேயில்லை.

பதிவேட்டைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கக் கொட்டாஞ்சேனையில் டொக்டரம்மாவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். மச்சாளைப் பற்றி விசாரித்தார். நான் அழத் தொடங்கியதும், "நீர் என்ன செய்யிறது, பிள்ளை? நானெண்டாலும் குடுத்திருப்பன்," என்றார்.

அவர் கொடுத்திருக்க மாட்டார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.