தாத்தா படத்தில் ஒரு சால்மன்

ஆக்லாந்துக் குளிர்காலத்தில் சந்தனம் காயாது. காலையில் படத்துக் கண்ணாடிமேல் வைத்த பொட்டு சாயங்காலம் வரைக்கும் ஈரமாகவே இருக்கும், மறுநாள் பார்த்தால் மெல்ல வழிந்து படத்திலிருப்பவரின் மூக்குவரை இறங்கியிருக்கும். அந்த வாசனையும் சுவரில் படர்ந்திருந்த பூஞ்சையின் வாசனையும் கலந்து ஹால் முழுக்க ஒரு மாதிரி அடிக்கும். ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மர வீட்டை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். பொட்டு வழிந்த அந்த மூக்கு என் தாத்தாவுடையது என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். அது அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் சால்மன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதருடையது. இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்கு அலுப்புத் தட்டுகிறது, ஏனென்றால் இந்தக் கதையை இப்போதெல்லாம் நான் தினமும் ஒரு தடவை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் அப்பா ஊரில் இறந்தபோது எனக்கு ஆறு வயது. நாங்கள் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, விசா விஷயமாக அப்பாவின் பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்த நேரம், போக முடியவில்லை. திருச்சியில் இருந்த பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன், அதை மன்னிக்கவே இல்லை. தாத்தாவுக்குப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பயம். அப்பாவின் கல்யாண ஆல்பத்தில்கூட அவருடைய தோளும் துண்டும்தான் இருக்கும். பென்ஷன் புத்தகத்தில் ஒட்டுவதற்காக வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று, அதுவும் பெரியப்பாவிடம் இருந்தது. அப்பா போனில் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டார். "காரியத்துக்கு வராதவனுக்குப் படம் எதுக்குடா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் பெரியப்பா. மூன்று வருஷம் திதியன்று அப்பா வெறும் விளக்கை வைத்துக்கொண்டு படையல் போட்டார். ஒவ்வொரு தடவையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "முகம் இல்லாம யாரைக் கூப்பிடுறது?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்தப் புத்தகத்தை வாங்கியது அம்மாதான். லைப்ரரியில் பழைய புத்தகங்களைக் கழித்துப் போட்ட ஒரு சனிக்கிழமை, தடியாக இருந்தால் இங்கிலீஷ் வளரும் என்ற ஒரே கணக்கில் எடுத்துவந்தாள். வீட்டில் வந்து பிரித்தால் அட்டை முதல் அட்டைவரை மீன். "கருமம், கருமம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முட்டை போட்ட கேக்குகூட வாசல்படி ஏறாத வீடு எங்களுடையது. சாமி அலமாரிப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, செய்தித்தாளில் அட்டை போட்டு என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

எனக்கோ அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தப் புத்தகம்தான். சால்மன் என்றதும் "பிறந்த ஆற்றுக்கே திரும்பும்" என்று எழுதச் சொல்லி, அதைக் குடியேறிய நம்மோடு ஒப்பிடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பலமுறை பிராணனை வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒப்பீடெல்லாம் இதில் கிடையாது, பயப்படாதீர்கள். அந்தப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களும், மனிதர்கள் மீனைப் பிடிக்கக் கண்டுபிடித்த வழிகளும்தான். ஆற்றோட்டமே சுற்றிவிடும் ஒரு ராட்சத மரச்சக்கரம், அதன் கூடைகள் மீனை அள்ளி அள்ளிப் பெட்டியில் கொட்டும், பக்கத்தில் ஓர் ஆள் சும்மா கைகட்டி நிற்பார். அருவிக்கு மேல் நீட்டிய பலகையில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த வலையை நுரைக்குள் விட்டுத் துழாவும் ஆட்கள். வயிறளவு தண்ணீரில் நின்று வலையை இழுக்கும் குதிரைகள். கடைசிப் பக்கங்களில் இந்த நாட்டின் தெற்குத் தீவில் ஓர் ஆற்று முகத்துவாரம். பனிக்கட்டி போட்டுக் கப்பலில் கொண்டுவந்த முட்டைகளிலிருந்துதான் இங்கே சால்மன் வந்ததாம், அதைப் பிடிக்கத் தூண்டிலோடு ரேஷன் கடை வரிசை மாதிரித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தொப்பிக்காரர்கள். எனக்குக் குதிரைகள்தான் உயிர். அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர்கூட வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா புரட்டினார். குதிரைப் பக்கத்தைத் திருப்பியதும் அப்படியே நின்றுவிட்டார். அதன் பின்பக்கத்தில் ஒரு கிழவர். வெள்ளை மீசை, வெயிலில் கறுத்த முகம், ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை, ஒரு கையில் கொக்கி வைத்த கழி, இன்னொரு கையால் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்த ஒரு பெரிய சால்மன். அடியில் ஆற்றின் பெயர் போட்டு, பெயர் தெரியாத மீனவர் என்று அச்சிட்டிருந்தது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பா மாதிரியே நிக்கிறாரு பாப்பா" என்றார்.

மறுவாரம் பிளேடால் அந்தப் பக்கத்தை அறுத்து, ஓரங்களை வெட்டி, மலிவு விலைக் கடையில் வாங்கிய ஃபிரேமுக்குள் போட்டுவிட்டார். என் குதிரைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டன, அதற்காக நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அம்மாவுக்கு வேறு பிரச்சினை. எப்படி வெட்டினாலும் தோளும் வேண்டும் என்றால் மீனின் தலையும் கூடவே வந்தது. கடைசியில் அவள் ஒரு நீளமான சந்தன மாலையைத் தேடிப் பிடித்து, மீன் வாய் மறைகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்டாள். கதவைத் திறந்து காற்று வந்தால் மாலை விலகும், மீன் எட்டிப் பார்க்கும், அம்மா ஓடிப்போய்ச் சரிசெய்வாள். "எங்க மாமனாருக்கு இந்தக் கதியா?" என்று முணுமுணுப்பாள், ஆனால் அப்பா காதில் விழாமல்.

அந்த வருஷத் திதிக்கு அப்பா மங்கரே ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றும் வேலைக்கு லீவு போட்டார். குளித்து வேட்டி கட்டி, வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் என்று இலை நிறையப் படைத்து, அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்து "வாங்கப்பா, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. இந்த ஊரில் காக்கை கிடையாது; பின்பக்கத்தில் வைத்த சோற்றைக் கடற்பறவைகள் வந்து கொத்தின, சால்மன்காரருக்குத் தோதான பறவைகள்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொன்னால் உதை விழும். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வடை வாங்க வந்தவர், படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓம், உங்கட முகவெட்டு அப்பிடியே அப்பாதான்" என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வருஷம் "அப்பா மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அடுத்த வருஷம் "மாதிரி"யை விட்டுவிட்டார்.

எனக்குப் பதினொரு வயதானபோது பெரியப்பா வந்தார். அண்ணன் தம்பி சண்டையை முடித்துவைக்க அம்மா தானே போன் போட்டு, தானே டிக்கெட்டும் எடுத்து வரவழைத்திருந்தாள். வந்த அன்றைக்கு அவர் ஹாலில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றதும், மாலை விலகாமல் இருக்க அம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், "ம்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம், பள்ளிக்கூட விடுமுறை, அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக ஹீட்டர் முன்னால் குந்தியிருந்த பெரியப்பா, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு படம். மீசையில்லாத ஒல்லி மனிதர், ஒட்டிய கன்னம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராமேல் கோபமாக இருந்தார். அப்பாவை ஒரு மாசம் வெயிலில் காயப்போட்டு எடுத்த மாதிரி இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது யாருன்னு தெரியுதா?"

தெரிகிறது என்று சொன்னால் சுவரில் இருப்பவர் யார் என்று அடுத்த கேள்வி வரும். புத்தகம் வரும், பிளேடு வரும், மாலைக்குப் பின்னால் இருக்கும் மீன் வரும். "மீன் பிடிக்கிறவனையாடா அப்பான்னு கும்பிட்டே?" என்று இந்த மனிதர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்பார், அப்பா தலைகுனிந்து நிற்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"தெரியல பெரியப்பா. தாத்தா படம் அதோ இருக்கே, நாங்க தினமும் கும்பிடுவோம்" என்றேன்.

பெரியப்பா சுவரையும் என்னையும் பார்த்தார். பிறகு படத்தைக் கவருக்குள் போட்டார். "இது என்கூட வேலை பாத்தவரும்மா, சும்மா காட்டுனேன்" என்றார். நான் பொய் சொன்னேன், அவரும் பொய் சொன்னார், இரண்டு பேருமே அப்பாவுக்காகத்தான் சொன்னோம்.

ஊருக்குத் திரும்பும்போது ஏர்போர்ட்டில் பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்து, "உடம்பைப் பாத்துக்கடா" என்றார். அவ்வளவுதான். அப்பா அதையே ஒரு மாசம் சொல்லிக்கொண்டிருந்தார். "படத்தைப் பாத்து அண்ணன் ஒண்ணுமே சொல்லல பாத்தியா? அவருக்கும் அப்பாவாத்தான் தெரிஞ்சிருக்கு!" என்று அம்மாவிடம் பெருமை வேறு. அதற்குப் பிறகு நான் எந்த வாயால் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், பரீட்சை முடிந்து சொல்லலாம், கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் பெரியப்பா காலமாகிவிட்டார். கவர் எங்கே என்று அவர் மகனிடம் ஒருமுறை மெதுவாக விசாரித்தேன். "அப்பா பெட்டியெல்லாம் ஒரு மழையில தண்ணி புகுந்து ஊறிப்போச்சு, அள்ளிக் கொட்டிட்டோம்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஹில்ஸ்பரோ வீடு இப்போது இல்லை; இடித்துவிட்டு அந்த இடத்தில் ஆறு வீடு கட்டியிருக்கிறார்கள். புத்தகம் எந்த வருஷத்துக் குப்பையில் போனதோ தெரியாது. அம்மா போய் ஐந்து வருஷம். அப்பா இதே ஊரில் பிளாட் புஷ் பகுதியில் என்னோடு இருக்கிறார், ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. மாலை பொடிப்பொடியாகிப் போனதும் நான் வேறு மாலை போடவில்லை, பிள்ளை குட்டி, மார்ட்கேஜ், வேலை என்று யாருக்கு நேரம் இருக்கிறது.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா படத்தைக் காட்டி, "யாரு பாப்பா இவரு? கையில மீன் வெச்சிருக்காரு?" என்று கேட்டார். தாத்தா என்றேன். சிரித்துவிட்டார். "என் அப்பாவை எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல மீன் தொடவே மாட்டாங்களே!" என்றார். இத்தனை வருஷமாகத் தனக்குத்தானே சொல்லி நம்பவைத்துக்கொண்டதுதான் அவருக்கு முதலில் மறந்துபோயிருக்கிறது. அதற்குமேல் எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் மறுபடியும், யாரு பாப்பா இவரு?

அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். சொல்லாமல் ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிட்டால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துத் தவித்துக்கொண்டே இருக்கிறார். சில நாள் கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுவார், "உன்னை யாருடி அதிகப்பிரசங்கித்தனம் பண்ணச் சொன்னது?" என்பார். நியாயமான கோபம்தான். சில நாள் அதையெல்லாம் விட்டுவிட்டு, "அண்ணன் எனக்குக் குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தாரா? அவ்வளவு தூரம்?" என்று முகமெல்லாம் பூரித்துப்போவார். அவருடைய அண்ணன் அவரைத் தினமும் காலையில் புதிதாக மன்னிக்கிறார். நான் மட்டும் தினமும் அதே பதினொரு வயதுப் பெண்ணாக நின்று அதே பொய்யை ஒப்புக்கொள்கிறேன், ஒருநாளும் தீர்ந்தபாடில்லை.

இன்று காலை கோபமும் இல்லை, பூரிப்பும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்தார்.

"அப்போ நான் வருஷா வருஷம் வெச்ச சோறு?"

"தாத்தாவுக்குத்தான்பா போயிருக்கும்."

"எப்படிப் போகும்? இவரு மூஞ்சியைப் பாத்துல்ல கூப்பிட்டிருக்கேன்."

"பெரியப்பா ஊர்ல தவறாம வெச்சாருப்பா. தாத்தா பட்டினி கிடக்கல."

"அது அண்ணன் வெச்சது" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எங்க அப்பாவுக்கு ஒரு தடவைகூடச் சோறு வெக்கலியா பாப்பா?"