பேட்டுக்கு ஒரு விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டு ஹாலில் இரண்டு விளக்குகள் இரவும் பகலும் எரியும். ஒன்று, ஆண்டாள் படத்துக்கு முன்னால் இருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. இன்னொன்று, எதிர்ச்சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற கிரிக்கெட் பேட்டுக்கு. மாமா என் அம்மாவின் அண்ணன். கரண்ட் ஆபீஸில் வேலை. மரியாதைக்குரிய எதையும் இருட்டில் வைக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஃபோகஸ் லைட் போதாதென்று, காலை வெயிலும் பேட்டின் மேல் நேராக விழட்டும் என்று கிழக்கு ஜன்னலின் திரையைக் கழற்றி எறிந்திருந்தார்.

அந்தப் பேட்டில் ஒரு பெரிய ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். கிரிக்கெட் என்றால் இன்றைக்கும் காத தூரம் ஓடுகிற எனக்கே தெரிந்த பெயர். மதுரையில் ஒரு கடைத் திறப்புக்கு அவர் வந்தபோது, மாமா சட்டைப் பொத்தான் அறுபடக் கூட்டத்தில் முட்டி மோதி வாங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் இந்தக் கதைதான் கிடைக்கும்.

பேட்டின் கீழ்ப்பாதியில் சிவப்பாகச் சில தடங்கள் இருந்தன. அவற்றுக்கும் ஒரு கதை உண்டு. மாமாவின் மகன், எனக்கு அத்தான், பிளஸ் ஒன் படித்தபோது அப்பா இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, பேட்டை மம்சாபுரத்தில் நடந்த மேட்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தோல் பந்தின் சிவப்பு மரத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா தேடிப் போய், கூட்டாளிகள் பார்க்க மைதானத்திலேயே அவரை அறைந்தார். "கழுதப் பய பாத்த வேல" என்று மாமா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அத்தை மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

அத்தான் அதன்பின் வெளியூர்க் காலேஜ், அங்கிருந்து அப்படியே வெளிநாட்டு வேலை என்று போனவர்தான். வருஷா வருஷம், ஆடித் தேருக்கு வருகிறேன் என்று அத்தையிடம் போனில் சொல்வார். மாமா கையை நீட்டுவதற்குள் போன் கட்டாகிவிடும். அங்கே சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று மாமா சொல்வார். நானும் நம்பினேன்.

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்கு ராஜபாளையத்திலிருந்து நான் போனபோது, கையெழுத்து பழையபடி இல்லை. போன வருஷம் கன்னங்கரேலென்று இருந்தது இப்போது டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. மாமாவிடம் சொன்னேன். எனக்குக் கண்ணாடி போடவேண்டிய வயது வந்துவிட்டது என்றார். அத்தைதான் கவலைப்பட்டார். "அவன் வாரப்போ இது புதுசு மாதிரி இருக்கணும்னு அவிய அம்புட்டு ஆசையா வச்சிருக்காக" என்றார் மெதுவாக.

எனக்குக் கவலையெல்லாம் இல்லை. மை எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். உதிர்ந்து கிடக்கிறதோ என்று பெட்டியின் அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். வெறும் தூசி. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த மாமாவின் சட்டை தோளில் மட்டும் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் வெயில் பக்கம் திரும்பியது. ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாக்களால் கலர் கலராகக் கோடு போட்டு, பாதியைப் பால்கோவா டப்பாவின் மூடியால் மறைத்து, மாடியில் கல்லை வைத்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர்த் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி, அம்மா கொடுத்தனுப்பியது, அந்த வீட்டில் நிறையக் கிடந்தது. அதை மடித்து இன்னொரு தாளின் மேல் போட்டேன். மே மாத வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

லீவு முடியும் தறுவாயில் தாள்களை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். டப்பா மூடிக்குக் கீழே இருந்ததெல்லாம் பளிச்சென்று இருந்தது. வெளியே இருந்தது வெளுத்திருந்தது. மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. பாவமாக இருந்தது. தைரியம் சொல்ல நினைத்தேன்.

"கறுப்புக் கொஞ்சம் தாங்குது மாமா. சிவப்புதான் மொதல்ல போயிருது."

மாமா எழுந்துபோய் ஃபோகஸ் லைட்டை அணைத்தார். அந்த ஹாலில் அந்த ஸ்விட்ச் அணைந்து நான் பார்த்ததில்லை. பிறகு பெட்டியைத் திறந்து பேட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே இருந்த சிவப்புத் தடங்கள் ரோஸாகிப் போயிருந்தன. அதை அதுவரை நானும் கவனிக்கவில்லை, யாருமே கவனிக்கவில்லை.

கோயிலில் பெருமாளுக்குப் போடுவதுபோல ஒரு திரை தைத்துப் போட்டுவிடலாம், வேண்டும்போது விலக்கிக்கொள்ளலாம் என்றார் அத்தை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, டெய்லர் கடை கிடையாது. மறுநாள் வரை பொறுக்க மாமாவுக்கு மனமில்லை. பரணிலிருந்து ஒரு கிழிந்த குடையை எடுத்து, அதன் கறுப்புத் துணியைக் கத்தரித்தார். நல்ல கனமான துணிதான். ஆனால் கிழியாத பகுதி பாதிப் பேட்டுக்குத்தான் காணும். மாமா யோசிக்கவே இல்லை. கீழ்ப்பாதியில் அதைச் சுற்றிச் சணலால் கட்ட ஆரம்பித்தார்.

பதற்றத்தில் இடம் மாறிக் கட்டுகிறார் என்று நினைத்தேன். "மாமா, கையெழுத்து மேலல்லா இருக்கு" என்றேன்.

"தெரியும்டி" என்றார், முடிச்சைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அது கெடக்கட்டும். எழுதுனவரு இன்னொரு நாள் மதுரைக்கு வந்தாலும் வருவாரு."

அத்தை அன்றைக்கு அடுப்படிக்குப் போகவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சணலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த லீவு நாட்களிலெல்லாம், அந்த ஆட்டக்காரர் மறுபடி மதுரைக்கு எப்போது வருகிறார் என்று பேப்பரில் தேடிக்கொண்டிருந்தேன்.