10.44க்கு முன்னா, பின்னா

என் மகள் எத்தனை மணிக்குப் பிறந்தாள்?

இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மருத்துவமனை தந்த அட்டையில் காலை 10.47 என்று இருக்கிறது. தாதி தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம் அது. நானும் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் எனக்கு வட்டம் மட்டும் தெரிந்தது, முள் தெரியவில்லை.

குழந்தைக்கு முப்பது நாள் கழிந்ததும் என் மாமியார் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு எங்களை எங்கள் ஊரான கிள்ளானிலேயே இருக்கும் ஒரு ஜோதிடரிடம் அழைத்துப் போனார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஜோதிடர் மடிக்கணினியில் நேரத்தைத் தட்டிவிட்டு உச்சுக் கொட்டினார்.

"10.44க்கு மாறுது மா. மூணு நிமிசம் முன்னாடி வந்திருந்தா பிரச்சனையே இல்ல. இப்ப அப்பாவுக்கு ஆகாது."

எந்த நட்சத்திரம், எந்தப் பாதம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் மகளை அந்தப் பெயரோடு சேர்த்தே பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது.

பரிகாரம் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். கோயிலில் குழந்தையைத் தத்துக் கொடுத்து வாங்க வேண்டும். அதன் பிறகு அவள் தகப்பனை 'அப்பா' என்று அழைக்கக் கூடாது. 'மாமா' என்றுதான் அழைக்க வேண்டும். ஆயுசுக்கும்.

"எந்தக் கடிகாரத்துல 10.44, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார்.

நான் கேட்டது கிண்டலுக்கு இல்லை. எங்கள் வீட்டில் எந்தக் கடிகாரமும் சரியான மணி காட்டாது. கொமுட்டர் ரயிலைத் தவறவிடக் கூடாதென்று கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். சாமி மேடைக் கடிகாரம் இன்னும் முன்னால். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் என் கணவர் கைப்பேசியைக்கூட விட்டுவைக்கவில்லை. தானாக நேரம் பார்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு முள்ளைத் தள்ளிவைப்பதுபோல் தள்ளிவைத்திருந்தார். எத்தனை நிமிடம் என்று கேட்டால், "அஞ்சோ ஏழோ லா, தெரியாம இருந்தாத்தான் ஓடிப்போய் ஏறுவேன்" என்பார். இப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்துகொண்டு மூன்று நிமிடத்துக்காகக் குழந்தையிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கப் போகிறார்கள்.

பிரசவத்துக்கு முன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தேன். இரண்டு இயந்திரங்களின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் கெட்டது, எது அதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாக் கணினிகளையும் ஒரே கடிகாரத்தோடு கட்டிவைத்திருப்போம். வீட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. யாரும் தள்ளிவைக்க முடியாத கடிகாரம்.

இணையத்தில் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கித் தரும் ஒரு ஜி.பி.எஸ். கருவியைத் தேடிப் பிடித்தேன். தீப்பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் காந்தம் வைத்த சின்ன ஆன்டெனா. அதைச் சன்னல் கிரில்லில் ஒட்டினேன். தகரக் கூரை மறைத்ததில் ஒரு செயற்கைக்கோள்கூட அகப்படவில்லை. துணி காயப்போடும் கம்பிக்கு மாற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னா மா, புது டிவி டிஷ்ஷா? இவ்ளோ சின்னதா இருக்கே!"

"மணி பாக்க, அக்கா."

"மணி பாக்கவா! என் வீட்டுல கடிகாரம் சும்மாதான் தொங்குது, எடுத்துக்கோ லா."

ஒவ்வொன்றாக எட்டுச் செயற்கைக்கோள்கள் கிடைத்தன. கருவியில் ஒரு நீல விளக்கு நொடிக்கொரு முறை சிமிட்டத் தொடங்கியது. பழைய மடிக்கணினியில் இணைத்ததும் அதன் கடிகாரம் மெல்ல மெல்ல அந்தச் சிமிட்டலுக்குப் பணிந்தது. முதல் சில நிமிடங்கள் மட்டும் இரண்டு மூன்று நொடிகள் பிசகாகவே காட்டியது. செயற்கைக்கோள் நேரத்துக்கும் நாம் புழங்கும் நேரத்துக்கும் சில நொடிகள் வித்தியாசம் உண்டு. அந்தக் கணக்கும் மேலிருந்து வந்து சேர்ந்தால்தான் சரியாகும். காத்திருந்தேன். சரியாயிற்று. இத்தனை நாளில் அந்த வீட்டில் நான் சொல்லி ஒன்று கேட்டது அப்போதுதான்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பிரசவமானதும் என் கணவர் எடுத்த படம் ஒன்றில், எடை பார்க்கும் தட்டில் குழந்தை கிடக்கிறாள். பின்னால் அதே சுவர்க் கடிகாரம், 10.55. அந்தப் படத்தில் கைப்பேசி பதிந்த நேரம் 10.58. அப்படியென்றால் கைப்பேசி, சுவர்க் கடிகாரத்தைவிட மூன்று நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. கைப்பேசி உண்மை நேரத்தைவிட எவ்வளவு முந்தி ஓடுகிறதென்று அளந்துவிட்டால் சுவர்க் கடிகாரத்தின் பிழை தெரிந்துவிடும். ஏழு நிமிடம் என்றால் என் மகள் பிறந்தது 10.43. அவள் 'அப்பா' என்று கூப்பிடலாம். ஐந்து என்றால் 10.45. கூப்பிடக் கூடாது.

அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்ததும், "போன குடுங்க, அளக்கணும்" என்று கையை நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்திருந்தது. "அளக்கவே வேணாம் மா. நீ இவ்ளோ மெனக்கெடுறியேன்னு காலையில ட்ரெய்ன்லயே சரியா வச்சிட்டேன். இனிமே ஆட்டோமேட்டிக்."

நான் கத்தியதில் குழந்தை விழித்துக்கொண்டாள்.

"கூப்பிடட்டுமே, மாமானு. பேருதானே? நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்" என்றார் அவர் மெதுவாக.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் எனக்கு அது தெரியாது. அவர் பிறந்தபோதும் இதே சொல், இதே பரிகாரம். பந்திங் சாலையில் லோரி விபத்தில் என் மாமனார் இறந்தபோது இவருக்கு ஒன்பது வயது. கொள்ளி வைக்கும்போதும் 'மாமா' என்றுதான் அழுதாராம். அவர் வாயால் 'அப்பா' என்ற சொல்லை யாரையும் பார்த்துச் சொன்னதே இல்லை.

மறுநாள் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அடக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாமானு கூப்பிட்டும் போயிட்டாரே, அத்தை?"

அவர் நிமிரவில்லை. "அப்படிக் கூப்பிட்டதாலதான் மா, ஒம்பது வருசமாவது இருந்தாரு."

இந்தப் பதிலை எந்தச் செயற்கைக்கோளாலும் வெல்ல முடியாது. எனக்கு அவர் மேல் கோபம் வந்த அதே நிமிடத்தில், அவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. அந்தப் பயத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதனாலேயே விடக் கூடாதென்று நினைத்தேன்.

என் கணவரின் கைப்பேசியில் பிரசவ நாளின் படங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். பார்க்கிங் சீட்டைத் தொலைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் சீட்டு வாங்கியதும் படம் எடுத்துவிடுவார். அன்றும் எடுத்திருந்தார். மருத்துவமனைச் சீட்டில் 7.12. படத்தின் நேரம் 7.18.

ஒரு வாரம் கழித்துக் கைக்கடிகாரத்தை அந்த நீல விளக்கோடு நொடி பிசகாமல் ஒட்டவைத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பிரசவ அறைக்குள் விட மாட்டார்கள். விட்டாலும் அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு அதற்குள் எத்தனை பேட்டரி மாற்றினார்களோ. பார்க்கிங் இயந்திரத்தின் முன்னால் நின்று, கார் இல்லாமலே மூன்று சீட்டு எடுத்தேன். பாதுகாவலர் வந்துவிட்டார். "காக்கா, கார் எங்கே?" என்று மலாயில் கேட்டார். காக்கா என்றால் மலாயில் அக்கா. மணி பார்க்கிறேன் என்றேன். என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். அதுவும் நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தின் நேரம் சரியாகவே இருந்தது. அன்றும் சரியாக இருந்திருந்தால் கைப்பேசி ஏறத்தாழ ஆறு நிமிடம் முந்தியிருக்கிறது. சீட்டில் நொடி இல்லை. அவர் உடனே படம் எடுத்தாரா, காரை நிறுத்திவிட்டு எடுத்தாரா, தெரியாது. அங்கே ஒரு நிமிடம், இங்கே ஒரு நிமிடம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என் மகள் பிறந்த நேரம் 10.44. ஒரு நிமிடம் முன்னாகவும் இருக்கலாம், பின்னாகவும் இருக்கலாம். இனி வரும் ஒவ்வொரு நொடியையும் என் வீட்டுக் கடிகாரம் துல்லியமாகச் சொல்லும். எனக்கு வேண்டிய அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லாது.

அதற்காக நான் மாற மாட்டேன். 10.47 என்றே முடிந்திருந்தாலும் மாறியிருக்க மாட்டேன் என்பது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. கோயிலுக்கு நாள் குறிக்க நான் விடவில்லை. மகளுக்கு இப்போது பதினோரு மாதம். அத்தை மடியில் உட்காரவைத்து, "மா... மா... சொல்லு" என்கிறார். நான் அடுப்படியிலிருந்தே, அவர் காதில் விழும்படி, "அப்பா எங்க? அப்பா எங்க?" என்கிறேன். நேற்று என் கணவர் செருப்பைக் கழற்றும்போது அவள் "ப்பா" என்றாள். அவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். அத்தை சாமி மேடைப் பக்கம் போய்விட்டார். இன்று காலை என் கணவர் வேலைக்குக் கிளம்பியபோது, கொமுட்டர் போய்ச் சேர்ந்ததும் போன் போடச் சொல்லி நானும் இரண்டு முறை சொன்னேன்.

"கடைசியில உன் டிஷ்ஷு என்னா மணி சொல்லுச்சு?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார். 10.43 என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் சரியான நேரத்துக்காக இத்தனை பேரோடு சண்டை போட்டுவிட்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்ற உண்மையைச் சொன்னால், தினமும் மகன் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பயத்தோடு ஒரே வீட்டில் இருந்திருந்தால், பொய் சொன்னீர்களா, உண்மையைச் சொன்னீர்களா என்று எனக்கு எழுதுங்கள். உண்மையைச் சொன்னவர்கள் எப்படித் தொடங்கினீர்கள் என்பதை மட்டுமாவது சொல்லுங்கள். முதல் வாக்கியம் கிடைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.