மழை வேறு பள்ளிக்குப் போன கதை

நாலாம் வகுப்பு டீச்சருக்குக் கணக்கைக்கூடக் கதையாகச் சொன்னால்தான் திருப்தி. கடைக்குப் போய் ஏழு பென்சில் வாங்கியவன் வழியில் யாரைப் பார்த்தான், ஏன் இரண்டைக் கொடுத்தான், வாங்கினவன் ஒரு வார்த்தை நன்றி சொன்னானா என்று விசாரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மீதி எத்தனை பென்சில் என்பது மறுநாள்தான் தெரியும். இப்படியே ஒன்பது வருஷம். அவரிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் எப்படியோ தேறினார்கள், கதையில் புலியானார்கள்.

அவருக்கு நேர் எதிர் தலைமை ஆசிரியை. பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் அவர் பெரிய டீச்சர். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். ஓட்டுவார், கையைச் சுத்தமாக நக்கிய பிறகு. சாக்பீஸை மூன்றாக உடைத்துத்தான் வகுப்புகளுக்கு அனுப்புவார். திங்கள்கிழமைதோறும் காலைக் கூட்டத்தில், தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஒரு பக்கத்தோடு நிறுத்துகிறவன் அரை மனிதன் என்று முழங்குவார். வாய்ப்பாடு மறந்த பிள்ளைக்கும் இது மறக்காது. எந்த வகுப்பிலாவது சிரிப்புக் கேட்டால் வாசலில் வந்து நின்று “சத்தம்” என்பார். அந்த ஒரு சொல்தான், போய்விடுவார். அவர் அதிகம் வந்து நின்றது நாலாம் வகுப்பு வாசலில்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கல்வி அலுவலகத்துக்கு மாறுதல் கேட்டு டீச்சர் கடிதம் எழுதினார். மூன்று நாள் அடித்து அடித்து எழுதியதில் ஒன்பது வருஷத்துக் கோபமும் இறங்கிவிட்டது. நல்ல பிரதியை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தார். அன்று சாயங்காலம் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் ஆயிற்று. போக மனசு இல்லை, இருக்கவும் முடியவில்லை. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைக்குக் கதைப் பாடம். டீச்சரின் முறை எளிது. பிஸ்கட் டப்பாவில் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு சொல். ஆளுக்கு ஒன்று எடுத்து, வந்த சொல்லை வைத்துக் கதை எழுத வேண்டும். கதையை அந்தரத்தில் விடக் கூடாது என்பது ஒன்றே சட்டம். சீட்டு வெட்டும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டிருந்தார். வேண்டாத தாளாகப் பார்த்து வெட்டச் சொன்னார். மேஜைமேல் அடித்தல் திருத்தலோடு கிடந்ததைவிட வேண்டாத தாள் எதுவென்று அந்த நல்ல மனிதர் அதையே நாற்பது துண்டாக அளந்து வெட்டிவிட்டார். காலையில் ஒரு கண்ணை அடுப்பின்மேல் வைத்தபடி, வெறும் பக்கத்தில் டீச்சர் யானை, கிணறு, மழை என்று எழுதிப் போட்டார். மறுபக்கத்தை யார் பார்த்தார்கள்?

அடுத்த மாதம் மேலதிகாரி வருகிறார் என்பதால் பெரிய டீச்சர் அன்று வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் வகுப்பிலும் கடைசிப் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க அமர்ந்தார்.

பிள்ளைகள் எழுதி முடித்தார்கள். எதையும் கேட்டே தீருவதால் கேள்விக்குறி என்று பெயர் வாங்கிய சிறுமி முதலில் எழுந்தாள். அவளுக்கு வந்தது தையல்காரர். அவளுடைய தையல்காரர் துணியில் கோடு போட ஒரு சாக்பீஸை மூன்றாக உடைத்தார். அளவு தப்பி, ஊரில் எல்லாருடைய சட்டைக்கும் ஒன்றரைக் கை. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். ‘ஒரு சாக்பீஸை மூன்றாக உடைத்து’ என்பது அவருடைய சொந்த வாக்கியம். எங்கிருந்து பிடித்தாய் என்று தணிந்த குரலில் கேட்டார். “சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு டீச்சர். ரெண்டு பக்கமும் பயன்படுத்தணும்ல” என்றாள் அவள். கடைசிப் பெஞ்சில் பெரிய டீச்சரின் முகம் பூரித்தது.

வெட்டுப்பட்டது தன் கடிதத்தின் முதல் பிரதி என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது, படிக்கட்டும் என்றார் பெரிய டீச்சர்.

அடுத்த கதையில் வாலைத் தொலைத்த யானை ஒன்று புகார் கொடுக்கப் புறப்பட்டது. ‘தலைமை ஆசிரியையிடம் சொல்லிப் பயனில்லை’ என்பதால் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அதற்கடுத்த கதையில், கிணற்றுத் தவளைகள் சிரிக்கும்போதெல்லாம் ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து “சத்தம்” என்றாள். இப்போது வகுப்பு சிரிக்கவில்லை. நாற்பது தலையும் கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பின.

நாலாவதாக எழுந்தவன் வாயே திறக்காத பையன். “மழைக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும். ஆனால் மனம் நொந்துவிட்டது. ஆகவே வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்டது. பெட்டியைக் கட்டியது.” உட்கார்ந்துவிட்டான். சீட்டில் அவ்வளவுதான் இருந்ததாம்.

கேள்விக்குறி விடவில்லை. “பாதியில விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? மழை போச்சா, போகலையா?”

பெரிய டீச்சர் எழுந்து வந்து அந்தச் சீட்டை வாங்கித் திருப்பினார். ஒன்பது வருஷமாகப் பாடக்குறிப்பில் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட எழுத்து, தெரியாதா? படித்தார். பிறகு சொன்னார்: “பிள்ளைங்க கேக்குறாங்கல்ல டீச்சர். சொல்லுங்க.”

டீச்சர் பெரிய டீச்சரைப் பார்க்காமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். கதை கதைதான். “மழை வாசல் வரைக்கும் போச்சு. போறதுக்கு மனசே இல்ல. யாராவது இருன்னு சொல்லுவாங்களான்னு திரும்பிப் பாத்துச்சு.”

“சொன்னாங்களா?” என்றாள் கேள்விக்குறி. கேட்டது பெரிய டீச்சரைப் பார்த்து.

பெரிய டீச்சர் கையிலிருந்த சீட்டைத் திருப்பி ‘மழை’ என்ற பக்கத்தைப் பார்த்தார். “சொல்லியிருக்கணும்” என்றார். “முன்னாடியே சொல்லியிருக்கணும்.” சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் ஆபீஸ் பியூன் ஒரு பெட்டி சாக்பீஸ் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். திறந்தால் அத்தனையும் முழுசு. கூடவே ஒரு குறிப்பு: ‘இனி உடைத்து அனுப்பமாட்டோம். வகுப்பில் சிரிக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு.’ டீச்சர் திருப்பிப் பார்த்தார். போன வருஷத்து விடுமுறைச் சுற்றறிக்கையின் பின்பக்கம்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார், கண் நிறைந்துவிட்டது. பிறகு கைப்பையிலிருந்த உறையைப் பிரித்து நல்ல பிரதியை எடுத்தார். ஒரு பக்கம் சும்மாதான் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து நாற்பது துண்டாக வெட்டினார். இந்தத் தடவை எழுதின பக்கத்தைக் கறுப்பு மையால் நன்றாக அடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தில் யானை என்று எழுதினார்.