குவைத்துக்குப் போன ஈமெயில்

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் ஒட்டுசுட்டானில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வாடகை அறை, ஒரு சைக்கிள், பேச்சுத்துணைக்கு வானொலி. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வெளிநாட்டு அழைப்புகள் வருகிற கொமினிகேசன் கடைக்குப் போய் வாங்குப் பலகையில் இருப்பேன். எனக்கு அழைப்பு எடுக்க ஒருவரும் இல்லை. மற்றவர்களுக்கு வருவதையாவது கேட்கலாமே என்றுதான்.

அந்தக் கடையில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. வரிசையில் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எவரும் "நல்ல சுகம்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்தார். அவர் அழைக்கும்போது பிள்ளைக்குப் பக்கத்தில், அவளை வைத்துப் பார்த்த சித்தி நிற்பார். பிள்ளையும் சுகம் என்பாள். பிறகு தாய் என்னைக் கூப்பிடுவார்.

"பிள்ளை படிக்கிறாளோ ரீச்சர்? நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

அந்த ஊரில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் மட்டும்தான்.

தாயின் ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. ஒருநாள் பள்ளி விட்டும் பிள்ளை போகாமல் நின்றாள்.

"அம்மாவோட தனியக் கதைக்கவேணும் ரீச்சர்."

கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். குவைத் வீட்டுக்காரரின் மகனுக்கு ஈமெயில் இருப்பதாகத் தாய் முன்பு சொல்லி, முகவரியும் தந்திருந்தார். பிள்ளையைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய்க் கணினிக் கடையில் இருத்தினேன். ஒற்றை விரலால் தமிழில் எழுத்தெழுத்தாகக் குத்தினாள். 'சித்தி வீட்டில் எனக்கு இருக்க ஏலாது. இந்தமுறை கையெழுத்து வைக்காமல் வந்திடுங்கோ அம்மா.'

அடுத்த வெள்ளி தாயின் குரல் ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது.

"ரீச்சர், என்ர பிள்ளை இங்கிலீசிலை எழுதியிருக்கிறாள். வீட்டுக்காரற்றை மகன் பேப்பரிலை எடுத்துத் தந்தவர். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டவும் இங்கை ஒருத்தருமில்லை. தலைகாணிக்குக் கீழை வைச்சிருக்கிறன்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தமிழ் எழுத்துரு அந்தக் குவைத் கணினியில் இல்லை. பிள்ளை எழுதியதெல்லாம் அங்கே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக விழுந்திருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"இப்பிடிப் படிக்கிற பிள்ளையை இடையிலை விடலாமோ? இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன்."

வரிசையில் நின்றவர்கள் பிள்ளையைப் பெருமையாகப் பார்த்தார்கள். சித்தி அவள் தலையைத் தடவினார். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சொல்லட்டோ?" என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினாள்.

"ஓம் அம்மா, நான்தான் எழுதினனான். இனி இன்னும் வடிவாப் படிக்கிறன்."