நாலு பேருக்கு மட்டும் சமையல்

நான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தபோது இது நடந்தது. கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் விடிந்ததில் இருந்தே எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்தேழு வயதில் அதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன் என்றால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். நான் பிடித்தது கரண்டி. ராணுவத்தில் சமையல்கூடத்தை லங்கர் என்போம். நான் லங்கரில் சமையல்காரனாகச் சேர்ந்து, ஹவில்தாராக வெளியே வந்தவன். பனிமலையிலும் சமைத்திருக்கிறேன், பாலைவனத்திலும் சமைத்திருக்கிறேன். நூற்றிருபது பேருக்குச் சப்பாத்தி, பருப்பு, சோறு, கறி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் ஊரில் யாரைப் பார்த்தாலும், "பட்டாளத்துக்காரருக்கு இன்னா கவலை, எங்கனா செக்யூரிட்டி வேலைக்குப் போய்டலாம்" என்பார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. தெரிந்த தொழிலை விட்டுவிட்டு ஏதோ ஒரு வாசலில் போய் நிற்க மனம் வரவில்லை.

அப்போதுதான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர் உள்ள நண்பர் ஒருவர் போன் செய்தார். என்னோடு ஒரே யூனிட்டில் டிரைவராக இருந்தவர். எனக்கு முன்பே ஓய்வு பெற்று, வளைகுடா நாடு ஒன்றில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகளின் கேம்ப்புகளுக்குச் சமையல்காரர்கள் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் தேவைப்படுகிறார்கள் என்றும், சென்னையில் ஆள் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். "பெரிய கேம்ப்புக்கு எல்லாம் உங்கள மாதிரி ஆளுதாண்ணா வேணும்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. திருக்கோவிலூருக்குப் போய் பயோடேட்டா டைப் அடித்தேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். டிஸ்சார்ஜ் புத்தகம், பத்தாவது சான்றிதழ் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் அடுக்கினேன். சட்டைக்குக் கஞ்சி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். தேர்வு என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

சமையல் பயிற்சிக் கூடம் ஒன்றில் ஆளுக்கொரு அடுப்பு கொடுத்திருந்தார்கள். தேர்வு வைத்தவர் ஐம்பது வயதுக்காரர், கப்பலில் நிறைய வருஷம் சமைத்தவராம். ஒரு தாளைக் கொடுத்தார். சோறு, பருப்பு, கோழிக் குழம்பு, ஒரு பொரியல், கடைசியில் ஒரு ஆம்லெட். ஒன்றரை மணி நேரம். கீழே 'நாலு பேருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அடுப்பின் முன்னால் நின்றபோது கை ஓடவில்லை. உப்பை மக்கில் அள்ளிப் போட்டுப் பழகிய கை அது. வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் வெட்டியவனுக்கு மூன்று வெங்காயம் கையில் கொடுத்தால் என்ன செய்வது? போதாது போதாது என்றே தோன்றியது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடப் போட்டேன். சோறு பத்து பேர் சாப்பிடும் அளவுக்கு வந்தது. குழம்பில் மிளகாய்த்தூள் தனியாக மிதந்தது. ஆம்லெட் திருப்பும்போது மூன்று துண்டாகிவிட்டது. லங்கரில் முந்நூறு முட்டையை ஒன்றாக உடைத்துக் கிளறித்தான் பழக்கம். ஒருவருக்கு என்று ஒரு ஆம்லெட் போட்டதே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் ஒரு ஸ்பூன் குழம்பை வாயில் வைத்தார். உடனே தண்ணீர் குடித்தார்.

"பட்டாளத்துல எத்தினி பேருக்கு ஆக்கிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார். நூற்றிருபது என்றேன். "அது தெரியுது சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பெரிய கேம்ப்புக்கு ஆள் எடுக்கிறீர்கள், நாலு பேருக்குச் சமைக்கச் சொல்லி ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முந்நூறு பேர்னாலும் ஒவ்வொருத்தனும் ஒரு தட்டுதான் சார் சாப்புடறான்" என்றார். பிறகு என் பேருக்கு நேராகப் பெருக்கல் குறி போடப் போன பேனாவை நிறுத்திவிட்டு, மூன்று வாரத்தில் இன்னொரு நாள் தேர்வு இருக்கிறது என்றும், வீட்டிலேயே நாலு பேருக்கு ஆக்கிப் பழகிக்கொண்டு வரும்படியும் சொன்னார். முன்பின் தெரியாத எனக்கு அவர் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், முடிவைப் பிறகு சொல்வார்கள் என்று பொய் சொன்னேன். சமையலில் தோற்றேன் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு நாள் கழித்து, அவள் களை எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கடையில் ஆறு முட்டை வாங்கிவந்து ஆம்லெட் போட்டுப் பார்த்தேன். அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். தட்டில் ஆறும் ஆறு கோலத்தில் கிழிந்து கிடந்தன.

"இன்னாங்க இது? முட்டைய அடிச்சே சாவடிச்சி வெச்சிக்கிறீங்க?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கை கழுவிவிட்டு வந்து, கல்லை அடுப்பில் வைத்தாள். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து, முட்டையை ஊற்றிவிட்டுச் சும்மா நின்றாள். "இப்ப கைய வெக்காதீங்க. ஓரம் தானா எழும்பும், அப்ப திருப்புங்க" என்றாள். திருப்பினேன். முழுசாக வந்தது.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பின் முன் நின்றது அன்றுதான். லீவில் வந்தாலும் சரி, ஓய்வு பெற்று வந்த பிறகும் சரி, என்னை அடுப்பங்கரைக்குள்ளேயே விட மாட்டாள். அங்கேயும் கரண்டி, இங்கேயும் கரண்டியா என்பாள்.

மறுநாளில் இருந்து வகுப்பு ஆரம்பமானது. அரிசியை டம்ளரில் அளக்க வேண்டும். உப்பை மூன்று விரலால் எடுக்க வேண்டும். புளியைக் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் சாயங்காலம் வந்து ருசி பார்த்து மார்க் போடுவாள். அம்மாவும் மகளும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னை ஒரு வழி பண்ணினார்கள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பாத்திரம் தேடும்போது அலமாரியின் பின்னால் ஒரு சின்ன அலுமினியச் சட்டி கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அடி கருத்து, நெளிந்து, நன்றாகப் புழங்கிய சட்டி. மகளின் விளையாட்டுச் சாமானா என்று கேட்டேன்.

"அது எனக்கு ஆக்கிக்கற சட்டிங்க" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே. "உங்க அம்மா கள்ளக்குறிச்சில உங்க அண்ணன் வூட்டுக்குப் போனப்புறம் வாங்கனது. அப்ப பாப்பா கூட பொறக்கல. அப்புறம் பாப்பா ஸ்கூல்ல சேந்ததுலேந்து, நீங்க ஊரோட வர்ற வரைக்கும் பகல்ல நான் ஒருத்திதான."

"ஒரு ஆளுக்கு ஆக்கறது சுலபம்தான?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"யாரு சொன்னா? அதுதாங்க கஷ்டம். ஒரு தக்காளி போட்டா ஜாஸ்தி, அரை போட்டா கம்மி. மிச்சமானா திங்க ஆளு கெடையாது. சில நாளு சலிச்சிப் போய் ஆக்காமயே படுத்துக்கினு இருப்பேன்."

அவள் குறையாக இதைச் சொல்லவில்லை. மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்பது போலச் சொன்னாள். நான்தான் அந்தச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் போனில், "சாப்ட்டியா?" என்று கேட்பேன். "சாப்ட்டேன்" என்பாள். அதற்குமேல் நான் கேட்டதில்லை. இன்றைக்கு நூற்றிருபது பேருக்குப் பூரி போட்டேன், பெரிய ஆபீசர் வந்து பாராட்டினார் என்று என் பெருமையைத்தான் பேசுவேன். அந்த நேரத்தில் அவள் ஆக்காமல் படுத்திருந்தாளோ என்னவோ.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"போன்ல இதையா சொல்லிக்கினு இருப்பாங்க?"

நான் வெளிநாட்டுக்குப் போகவில்லை, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாசல்ல குந்திக்கினு டிராக்டர் எண்றதுக்கா? உங்க மூஞ்சி இந்த நாலு நாளாத்தான் நல்லா கீது. போவ வேணான்னு நான் சொல்லல. ரெண்டு வருஷம் சேந்தாப்பல போவாதீங்க, அவ்ளோதான்" என்றாள்.

அந்த வாரம் மலைக்கார நண்பர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பைக்கில் மலை ஏறினோம். மகள் ஒவ்வொரு வளைவிலும் கத்திக்கொண்டே வந்தாள். நண்பரின் வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு கோழியும் சாமை அரிசியும் எடுத்துக் கொடுத்து, "அண்ணா, நீங்களே ஆக்குங்க" என்றார். எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு பேர். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். ஆனால் சொல்லிக்கொடுக்க உள்ளே வரவில்லை. நான் விரலால் உப்பு எடுத்தேன்.

சாப்பிடும்போது மனைவியே அவரிடம் கேட்டுவிட்டாள், சீக்கிரம் சீக்கிரம் வந்துபோகிற மாதிரி வேலை ஏதும் இல்லையா என்று. நண்பர் யோசித்துவிட்டுச் சொன்னார். பெரிய கேம்ப் என்றால் இரண்டு வருஷ ஒப்பந்தம். பாலைவனத்துக்கு உள்ளே சின்னச் சின்ன இடங்கள் உண்டு, பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். அங்கே மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் வீடு. சம்பளம் கொஞ்சம் கம்மி. "ஆனா அங்க ஒரே சமையக்காரர்தாண்ணா. அவரு கெடுத்தா எல்லாரும் பட்டினி" என்று சிரித்தார். என் குழம்புக்கு மூன்றாவது தடவையும் சோறு வாங்கினார்.

மீதி நாட்களில் எங்கள் வீட்டில் நாலாவது தட்டுக்கு ஆள் பிடிப்பதே வேலையாகிவிட்டது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு நாள் தையல் கடைக்காரர். ஒரு நாள் வாசலில் டயர் பஞ்சராகி நின்ற டிராக்டர் டிரைவரையே கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் பயந்துகொண்டே சாப்பிட்டு, "இன்னா விசேஷங்க உங்க வூட்ல?" என்று இரண்டு முறை கேட்டார்.

இரண்டாவது தேர்வில் அதே தாள், அதே மனிதர். ஆம்லெட் ஊற்றிவிட்டுச் சும்மா நின்றேன். பக்கத்து அடுப்புக்காரர் நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். ஓரம் எழும்பியது, திருப்பினேன். தேர்வு வைத்தவர் குழம்பை ஒரு ஸ்பூன் எடுத்தார். கொஞ்சம் நின்று, சோறும் போட்டு இன்னொரு வாய் சாப்பிட்டார். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அவங்களுக்கு வேலை வேணும்னா சொல்லுங்க" என்றார். பெரிய கேம்ப்புக்கே என் பெயரை எழுதப் போனார். சின்ன இடம் போதும் சார் என்று நானே சொன்னேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, மாற்றி எழுதினார்.

பாஸ்போர்ட் வந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, மூன்று மாதம், ஒரு மாதம் என்று இருக்கிற இடத்தில் மகளையும் படிக்கச் சொல்லி இரண்டாம் முறை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒருவன் கிளம்புகிற வீடு போலவே அது இல்லை. அந்த மாதம் முழுக்க நான்தான் சமைத்தேன். மனைவி ஒரு இடத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள்.

இப்போது மூன்றாவது முறையாக இங்கே, பாலைவனத்துக்கு வந்திருக்கிறேன். பதினோரு பேருக்குச் சமைக்கிறேன். ஐந்து நாட்டுக்காரர்கள். யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு முட்டையில் மிளகு வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். மனைவியிடம் போனில், "சாப்ட்டியா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இன்னா ஆக்குன?" என்றுதான் கேட்கிறேன். ஆக்கவில்லை என்றால் ஆக்கவில்லை என்றே சொல்கிறாள். அப்போது போனை வைக்காமல், இருக்கிற காயைக் கேட்டு, அவளுக்கு ஒரு ஆள் சமையல் ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன். உப்பு விஷயத்தில் மட்டும் அவள் என் பேச்சைக் கேட்பதில்லை.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் சமைத்தவன் என்று முன்பெல்லாம் மார்தட்டிச் சொல்வேன். இன்றைக்கு யாராவது கேட்டால், பட்டாளத்தில் நான் பசியை ஆற்றத்தான் கற்றுக்கொண்டேன், ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். அதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமே இல்லை, சந்தோஷம்தான் இருக்கிறது.