ஒரே சர்வருக்கு இரண்டு காவல்

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோர விடுதிகள் பலவற்றுக்கு அறைப் பதிவு செய்துதரும் கம்பெனி எங்களுடையது. ஆபீஸ் செங்கல்பட்டில், ஒரு மாடியில். எல்லாப் பதிவும் ஒரே சர்வர் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதற்குள் இருந்த டேட்டாபேஸ் என் பொறுப்பு. சர்வர் என்னோடு வேலை பார்த்த இன்னொருவர் பொறுப்பு. அவர் திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இருவருமே ஒப்பந்த ஊழியர்கள். சீசன் முடிந்ததும் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போது என் கணவருக்கு வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டேட்டாபேஸைத் தாண்டி எதைத் தொடுவதானாலும் அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். கேட்டால் சொல்ல மாட்டார். எழுந்து வந்து, முதுகால் கீபோர்டை மறைத்துக்கொண்டு தட்டுவார். அவர் சொத்தையா எழுதி வாங்கப் போகிறேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"டேட்டாபேஸ் உள்ள நீ இன்னா வேணா பண்ணிக்கோமா. வெளிய கை வெச்சா பேஜாரு" என்பார்.

ஒருநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ஆள் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க. உங்க டேட்டாபேஸ்ல கை வைக்கிறாருன்னு சந்தேகமா இருக்கு" என்றார். எனக்கு அது போதாதா? சர்வரில் யார் நுழைகிறார், என்ன செய்கிறார் என்று நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி, அவர் பாஸ்வேர்டு தேவைப்படாதபடி டேட்டாபேஸ் வழியாகவே, யாரும் சந்தேகப்படாத ஒரு பெயரில் ஓடவிட்டேன்.

டிசம்பரில் சர்வர் ஊர்ந்தது. பெட்டியோடு வந்தவர்கள் கவுண்டரிலேயே நிற்கிறார்கள் என்று விடுதிகளிலிருந்து திட்டுகிற போன்கள். மனிதர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், பழியை என் தலையில் போடப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவரோ டீக்கடையில் "எல்லாம் அந்தம்மா டேட்டாபேஸாலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கடைசியில், பெரிய விடுதி ஒன்று கணக்கை முடித்துக்கொள்வதாக மிரட்டியபோதுதான் இருவரும் ஒரே திரைமுன் உட்கார்ந்தோம். சர்வரில் எது அதிகம் உழைப்பை வாங்குகிறது என்று பார்த்தால், இரண்டே இரண்டு புரோகிராம்களின் பெயர்கள் பட்டியல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு முறை ஓடி முடிவதற்குள் மறுபடி கிளம்பிக் கிளம்பிக் குவிந்திருந்தது.

"இன்னாமா இது? உன்னுதா?"

"அது என்னோடதுதான். இன்னொண்ணு என்ன சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். என் டேட்டாபேஸ் கோப்புகளில் எது மாறுகிறது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை துழாவும் புரோகிராம்.

"அந்தாளு, மேனேஜருதான், உன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோன்னாரு" என்றார்.

"அடப்பாவி! என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு!"

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு. இரண்டையும் நிறுத்தினோம். சர்வர் பழையபடி ஓடியது. அன்று மத்தியானம் அவர் வாங்கிவந்த பரோட்டாவை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். சேர்ந்தே போய் மேனேஜரிடம் கேட்டோம். மனிதருக்குத் துளிக்கூட வெட்கமில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எப்ப ராசியானீங்க? எதுக்கு?" என்றார்.

பொங்கல் கழிந்ததும் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அவரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். ஏன் நான், ஏன் அவர் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவருடைய கடைசி நாளில் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். பஸ்ஸில் ஏறுமுன் திரும்பினார். "நெசமா சொல்லுமா. அந்தாளாண்ட தனியா போய் இன்னா சொன்ன?"

"சத்தியமா ஒண்ணும் சொல்லல சார்."

"சரி" என்றார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உத்தரவு அவருக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன், அவர் சத்தியத்தையும் நம்பியிருக்க மாட்டேன்.